சார்புகளின் களஞ்சியம்: டெபியனும் அதன் பராமரிப்பாளர்களும்

1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்த லினக்ஸ், முழு இயங்குதளம் அல்ல, கெர்னல் மட்டுமே. வன்பொருளை ஆளவும் நினைவகத்தைப் பங்கிடவும் அதற்குத் தெரியும். ஒரு கோப்பைத் திருத்துவதற்கும், மடல் அனுப்புவதற்கும், நிரலைக் கம்பைல் செய்வதற்கும் வேறு மென்பொருள்கள் வேண்டும். அவற்றில் பெரும்பகுதி ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் தொடங்கிய குனு திட்டத்திடம் ஏற்கெனவே இருந்தது. மற்றவை பல்கலைக்கழகங்களிலும் தனியாட்களின் மேசைகளிலும் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மூலநிரலையும் தேடி இறக்கி, கம்பைல் செய்து, ஒன்றோடொன்று பொருந்த வைக்கும் வேலை முழுவதும் பயனரின் தலையில் விழுந்தது.

அந்த வேலையை ஒருமுறை செய்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் பிறந்தவையே லினக்ஸ் வழங்கல்கள். 1992-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கணினி மையத்திலிருந்து எம்சிசி இன்டரிம் வந்தது. அதே ஆண்டு பீட்டர் மெக்டொனால்ட் உருவாக்கிய எஸ்எல்எஸ் வெளியாகி வேகமாகப் பரவியது. பரவிய வேகத்துக்குச் சமமாக அதன் வழுக்களும் பேசப்பட்டன. அந்த வழுக்களைத் திருத்தப் புறப்பட்ட பேட்ரிக் வோல்கர்டிங், 1993 ஜூலையில் ஸ்லாக்வேரை வெளியிட்டார். இவற்றில் மென்பொருள்கள் சுருக்கப்பட்ட கோப்புக்கட்டுகளாக ஃபிளாப்பி வட்டுகளில் வந்தன. ஒரு கட்டுக்குள் இருக்கும் நிரல் வேறு எந்த நிரலை நம்பி இயங்குகிறது என்ற குறிப்பு எதிலும் இல்லை. ஸ்லாக்வேர் இன்றும் அந்தப் பொறுப்பைப் பயனரிடமே விட்டுவைத்திருக்கிறது. எதையும் மறைக்காத அந்த எளிமைக்காகவே அதைக் கைவிடாதவர்கள் உண்டு.

1993 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டாக், டெபியன் என்ற புதிய வழங்கலை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 20. காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். எஸ்எல்எஸ்ஸின் மீதான அதிருப்தியே அவரையும் தூண்டியது. ஆனால் அவர் கண்ட தீர்வு வோல்கர்டிங்கினுடையதிலிருந்து வேறுபட்டது. 1994 ஜனவரியில் வெளியான டெபியன் அறிக்கையில் அவருடைய வாதம் தெளிவாக இருக்கிறது: வழங்கலைத் தொகுப்பது பகட்டில்லாத, ஓயாத உழைப்பு, புதிய நிரல் எழுதுவதில் கிடைக்கும் புகழ் இதில் கிடைக்காது, அதனால்தான் இது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஒருவரால் முடியாத இந்த வேலையைப் பலர் சேர்ந்து திறந்த முறையில் செய்யவேண்டும். 1994 நவம்பர் முதல் ஓராண்டுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்தத் திட்டத்துக்குப் பண உதவி செய்தது. அதற்குப் பின் டெபியன் தன் காலிலேயே நின்றது.

பலர் சேர்ந்து ஒரு இயங்குதளத்தைக் கட்டவேண்டுமானால் அதை முதலில் துண்டு போடவேண்டும். அந்தத் துண்டுதான் பொதி. ஒரு நிரல், அதன் கோப்புகள், அதை நிறுவவும் நீக்கவும் தேவையான கட்டளைகள், அதைப் பற்றிய விவரக் குறிப்பு ஆகியவை ஒன்றாகக் கட்டப்பட்டது ஒரு பொதி. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர். அவர் அந்த நிரலை எழுதியவராக இருக்கவேண்டியதில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை. எழுதியவர் வெளியிடும் மூலநிரலை எடுத்து, டெபியனின் விதிகளுக்கு ஏற்பக் கட்டி, பயனர்கள் சொல்லும் வழுக்களைக் கேட்டு, திருத்தங்களை எழுதியவருக்கு அனுப்புவது அவர் வேலை. அவருடைய பெயரும் மின்னஞ்சலும் பொதியின் உள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும். மென்பொருளைப் பிரித்த கணத்திலேயே பொறுப்பும் ஆள்வாரியாகப் பிரிந்துவிட்டது. டெபியனின் பிற்கால வரலாறு முழுவதும், அதன் பெருமையும் அதன் நெருக்கடிகளும், இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

பொதிகளைக் கையாளும் டிபிகேஜி என்ற கருவியை மர்டாக் முதலில் ஷெல் கட்டளைகளாக எழுதினார். பின்னர் அது பெர்ல் மொழிக்கு மாறியது. 1994-ல் இங்கிலாந்தின் இயன் ஜாக்சன் அதன் மையப் பகுதியை சி மொழியில் புதிதாக எழுதினார். பொதியைத் தாங்கும் கோப்பு வடிவத்தின் பெயர் டெப். டெப் கோப்பு ஒன்றைப் பிரித்தால் உள்ளே மூன்று பகுதிகள் இருக்கும்: வடிவத்தின் பதிப்பெண்ணைச் சொல்லும் ஒற்றை வரிக் கோப்பு, கட்டுப்பாட்டு விவரங்களின் கட்டு, நிறுவப்படவேண்டிய கோப்புகளின் கட்டு. வரலாற்றின் கனம் நடுவிலுள்ள கட்டுப்பாட்டுக் கட்டில் இருக்கிறது.

அதிலுள்ள விவரக் கோப்பு சாதாரண எழுத்துக்கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம். பொதியின் பெயர், பதிப்பு, பராமரிப்பாளரின் பெயர் ஆகியவற்றோடு சார்புகளின் பட்டியலும் அதில் இருக்கும். சார்பு என்றால் எல்லாம் ஒரே தரமல்ல என்பதை டெபியன் ஆரம்பத்திலேயே உணர்ந்தது. இல்லாவிட்டால் இயங்கவே இயங்காதது ஒரு வகை. நிறுவும் செயல் தொடங்கும் முன்பே தயாராக இருக்கவேண்டியது இன்னொரு வகை. பெரும்பாலோர் விரும்புவர், ஆனால் தவிர்க்கலாம் என்பது பரிந்துரை. சிலருக்குப் பயன்படக்கூடும் என்பது வெறும் யோசனை. இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் முரண் இருக்கிறது: இன்ன பொதி இருக்கும் இடத்தில் இது இருக்காது. ஒவ்வொரு வரியிலும் பதிப்பெண்ணை வைத்து நிபந்தனை போடலாம். இந்தப் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியது மட்டுமே ஏற்கப்படும் என்று எழுதலாம்.

பெயருக்கு மட்டும் இருக்கும் பொதிகளும் உண்டு. கணினியிலுள்ள பல நிரல்களுக்கு மடல் அனுப்பும் வசதி வேண்டும். எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அவற்றுக்குச் சரிதான். எனவே இம்மூன்றும் மடல் போக்குவரத்து முகவர் என்ற பொதுப் பெயரைத் தாங்களும் வழங்குவதாக அறிவிக்கின்றன. மடல் தேவைப்படும் நிரல் அந்தப் பொதுப் பெயரைச் சார்ந்திருக்கிறது. ஒரே வேலையைச் செய்யும் மூன்று நிரல்களின் பராமரிப்பாளர்கள் மூவரும் ஒரு பொதுப் பெயரில் உடன்பட்டால்தான் இது நடக்கும். அந்த உடன்பாடுகளையெல்லாம் எழுதிவைத்த நூல்தான் டெபியன் கொள்கைக் கையேடு. பொதிகளின் தரம் பராமரிப்பாளரின் திறமையைவிட இந்தக் கையேட்டுக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

1996 மார்ச்சில் தலைமை புரூஸ் பெரன்ஸிடம் வந்தது. அவர் பிக்ஸார் நிறுவனத்தில் பணிபுரிந்ததால் டெபியன் வெளியீடுகளுக்கு டாய் ஸ்டோரி படத்தின் பாத்திரப் பெயர்கள் அமைந்தன. வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்த ஆண்டு ஜூனில் வந்த பஸ் என்ற வெளியீட்டின் எண் 1.1. 1.0 என்ற எண்ணில் டெபியன் எதையும் வெளியிடவில்லை. இன்னும் முடியாத உருவாக்கப் பதிப்பை ஒரு குறுந்தகடு விற்பனையாளர் 1.0 என்று பெயரிட்டு விற்றுவிட, குழப்பத்தைத் தவிர்க்க அந்த எண்ணையே திட்டம் கைவிட்டது. 1.1-ல் இருந்த பொதிகள் 474. 1998 ஜூலையில் வந்த 2.0-ல் 1,500-க்கு மேல். பராமரிப்பாளர்கள் 400-க்கு மேல். 2000 ஆகஸ்டில் வந்த 2.2-ல் பொதிகள் 3,900-ஐத் தாண்டின. அந்த வெளியீடு, சில வாரங்களுக்கு முன் தசைச்சிதைவு நோயால் இறந்த 21 வயதுப் பங்களிப்பாளர் ஜோயல் கிளெக்கருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவரோடு சேர்ந்து உழைத்தவர்களில் பலருக்கு அவர் நோயாளி என்பதே தெரியாது.

2.0 வெளியீட்டின்போது டெபியன் கடந்த சோதனையைத் தனியே பார்க்கவேண்டும். லினக்ஸ் நிரல்கள் அனைத்தும் சி நிரலகம் என்ற பொது அடித்தளத்தின் மீது நிற்கின்றன. அந்த நிரலகம் ஐந்தாம் தலைமுறையிலிருந்து ஆறாம் தலைமுறைக்கு மாறியபோது பழையதற்காகக் கம்பைல் செய்யப்பட்ட நிரல் புதியதோடு பொருந்தவில்லை. மொத்த வழங்கலையும் புதிதாகக் கம்பைல் செய்தாகவேண்டும். அதே சமயம் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை அழிக்காமல் மேம்படுத்தவும் வேண்டும். நிரலகத்தின் தலைமுறை எண்ணைப் பொதியின் பெயரிலேயே சேர்த்திருந்ததால் பழையதும் புதியதும் ஒரே கணினியில் அருகருகே இருக்க முடிந்தது. நானூறு பேர், தத்தம் பொதியைத் தத்தம் ஓய்வு நேரத்தில், ஒரே திசையில் நகர்த்தினார்கள். பெரிய நிறுவனங்களையும் திணறவைத்திருக்கக்கூடிய மாற்றம் அது.

சார்புகளை எழுதிவைப்பது ஒரு வேலை. அவற்றை நிறைவேற்றுவது இன்னொரு வேலை. டிபிகேஜி தன்னிடம் கொடுக்கப்பட்ட பொதியின் தேவைகள் கணினியில் இருக்கின்றனவா என்று பார்க்கும்; இல்லையென்றால் மறுக்கும். இல்லாததைத் தேடிக் கொண்டுவராது. 1995 முதல் டிசெலெக்ட் என்ற பட்டியல் திரை அந்தக் குறையை ஓரளவு போக்கியது. ஆனால் புதியவர்கள் அதன் விசைகளுக்குள் வழி தவறினார்கள்.

அதே 1995-ல் ரெட் ஹேட் நிறுவனத்தில் மார்க் யூயிங்கும் எரிக் டிரோனும் ஆர்பிஎம் என்ற கருவியை உருவாக்கினர். அதுவும் சார்புகளைப் பதிவு செய்தது. அதுவும் இல்லாததைச் சொல்லி நின்றுவிட்டது. ஒரு நிரலை நிறுவப் போனால் அது ஒரு நிரலகத்தைக் கேட்கும். அந்த நிரலகத்தைத் தேடி இறக்கினால் அது வேறு இரண்டைக் கேட்கும். இரண்டில் ஒன்று முதலில் நிறுவிய ஏதோவொன்றோடு முரண்படும். சார்பு நரகம் என்று பயனர்கள் பெயரிட்டுப் புலம்பியது இதைத்தான். 1990-களின் பிற்பகுதியில் லினக்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடியவர்களில் கணிசமானோரை விரட்டியது இந்த அனுபவமே.

விடை டெபியனிலிருந்து வந்தது. ஆப்ட் என்ற கருவியை ஜேசன் கன்தார்ப் உள்ளிட்ட சிலர் உருவாக்கினர். 1999 மார்ச்சில் வெளியான 2.1-ல் அது இடம்பெற்றது. இணையத்திலுள்ள களஞ்சியத்தின் பொதிப் பட்டியலை ஆப்ட் முதலில் இறக்கிக்கொள்கிறது. பயனர் ஒரு பெயரைச் சொன்னதும் அதற்கு வேண்டியவை, வேண்டியவற்றுக்கு வேண்டியவை என்று சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை கணக்கிட்டு, எல்லாவற்றையும் இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் கொடுக்கிறது. ஒரு கட்டளையில் ஒரு நிரல்; இன்னொரு கட்டளையில் முழு இயங்குதளத்தின் மேம்பாடு. இன்று கைப்பேசியில் செயலிகளை நிறுவுவோருக்கு இது இயல்பாகத் தோன்றும். அன்று விலை கொடுத்து வாங்கிய இயங்குதளங்களிலும் இந்த வசதி கிடையாது. பிரேசிலின் கனெக்டிவா நிறுவனம் ஆப்ட்டை ஆர்பிஎம் பொதிகளுக்கு ஏற்ப மாற்றியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேத் விடால் முதலியோர் உருவாக்கிய யம், ரெட் ஹேட் குடும்பத்தின் வழக்கமான கருவியாயிற்று.

ஆப்ட்டின் கணக்கு எவ்வளவு கடினமானது என்பது பின்னர்தான் முறையாக நிறுவப்பட்டது. கல்யாணப் பந்தியில் இவரை உட்காரவைத்தால் அவரையும் உட்காரவைக்கவேண்டும், அவர் இருக்கும் வரிசையில் இன்னொருவர் உட்காரமாட்டார் என்ற சிக்கலை ஆயிரக்கணக்கான விருந்தினருக்குப் பெருக்கிப் பார்த்தால் அதன் அளவு புரியும். இதுவா அதுவா என்ற தெரிவும், இதுவும் அதுவும் கூடாது என்ற முரணும் சேர்ந்துவிட்டால், ஒரு பொதியை நிறுவ முடியுமா என்ற கேள்வி என்பி-முழுமை வகைக் கணக்காகிவிடுகிறது. அதாவது எல்லாச் சூழலிலும் விரைவாக விடை தரும் வழி எதுவும் அறியப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஈடாஸ் ஆய்வுத் திட்டத்தில், பாரிஸைச் சேர்ந்த ரொபெர்டோ டி காஸ்மோவும் உடனிருந்தவர்களும் 2000-களின் நடுவில் இதை நிறுவினர். நடைமுறையில் ஆப்ட் சில நொடிகளில் விடை தருவதற்குக் காரணம், பராமரிப்பாளர்கள் முரண்களைச் சிக்கனமாக எழுதுவதும் களஞ்சியத்தைச் சீராக வைத்திருப்பதும்தான்.

இந்தச் சீரை நிலைநிறுத்துபவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களை எப்படி ஆள்வது என்ற கேள்விக்கு டெபியன் எழுத்தில் விடை தேடியது. 1997 ஜூலையில் சமூக ஒப்பந்தமும் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளும் ஏற்கப்பட்டன. அடுத்த ஆண்டு பிறந்த திறந்தமூல வரையறை அந்த நெறிகளிலிருந்தே எடுக்கப்பட்டது. 1998 டிசம்பரில் அரசியல் சாசனம் வந்தது. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல், முட்டுக்கட்டைகளைத் தீர்க்கத் தொழில்நுட்பக் குழு, எல்லோரும் வாக்களிக்கும் பொதுத் தீர்மானம் ஆகியவற்றை அது ஏற்படுத்தியது. அதன் முதன்மையான விதி வேறு: எந்த வேலையையும் செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்த இந்தச் சாசனம் இடம் தராது. ஒருவர் தமக்கு ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்யாமல் இருக்கலாம். ஆனால் விதிப்படி எடுக்கப்பட்ட முடிவுக்கு எதிராக வேலை செய்யக்கூடாது. தன்னார்வலர்களின் இயல்பை இதைவிடத் துல்லியமாக எடைபோட்ட சட்டவரிகள் குறைவு.

கட்டாயம் இல்லாத இடத்தில் நுழைவாயிலில் கண்டிப்பு வேண்டியிருந்தது. தொடக்கத்தில் டெபியனில் சேர ஒரு மின்னஞ்சலும் சிறிது ஆர்வமும் போதும். ஆட்கள் பெருகியதும் 1999-ன் பிற்பகுதியில் கதவு அடைக்கப்பட்டது. 2000-ல் திறந்தபோது உள்ளே வரும் பாதை நீண்டிருந்தது. விண்ணப்பிப்பவரை ஏற்கெனவே இருக்கும் ஒருவர் முன்மொழியவேண்டும். விண்ணப்பிப்பவரின் மறைக்குறியீட்டுச் சாவியில் டெபியன் உருவாக்குநர் ஒருவராவது அவரை நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, கையொப்பமிட்டிருக்கவேண்டும். பிறகு கொள்கையிலும் நடைமுறையிலும் மாதக்கணக்கில் கேள்விகள். தேறியவர் தம் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பும் பொதியைக் களஞ்சியம் ஏற்றுக்கொள்ளும். இவ்வளவு கண்டிப்பு ஏனென்றால், நிறுவும்போது ஒவ்வொரு பொதியின் கட்டளைகளும் பயனரின் கணினியில் முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. ஆயிரம் பேரில் ஒருவர் கெட்ட எண்ணத்தோடு வந்தாலும் அத்தனை கணினிகளும் அவர் கையில் வந்துவிடும்.

உள்ளே வந்தவர் களைத்துப் போவதற்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. குழந்தை பிறக்கும், வேலை மாறும், ஆர்வம் வடியும். பராமரிக்க முடியாதவர் தம் பொதியை அநாதை என்று அறிவிக்கலாம். வேறொருவர் தத்தெடுக்கும் வரை தரக் குழு பெயரளவில் அதன் பொறுப்பை ஏற்கும். அறிவிக்காமலே மறைந்துபோனவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு குழு உண்டு. அது கடிதம் எழுதும், காத்திருக்கும், மீண்டும் எழுதும், கடைசியில் பொதிகளை விடுவிக்கும். அவசர வழுவென்றால் மற்றொருவர் பராமரிப்பாளரை மீறிப் பொதியைத் திருத்தி ஏற்றலாம். ஆனால் முன்கூட்டிச் சொல்லவேண்டும், மாற்றம் சிறியதாக இருக்கவேண்டும். 2003 முதல் 2005 வரை தலைவராக இருந்த மார்ட்டின் மிக்கல்மயர் இந்தப் பலவீனத்தை ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டார். ஒரு பொதிக்கு ஒரே ஆள் என்ற பழைய முறை மெல்லத் தளர்ந்து, பெரிய பொதிகள் குழுக்களின் பொறுப்புக்குப் போனதில் அந்த ஆய்வுக்கும் பங்குண்டு.

உருவாக்கம் நடக்கும் அன்ஸ்டேபிள் கிளைக்கும் வெளியீடான ஸ்டேபிளுக்கும் இடையே 2000 டிசம்பரில் சேர்ந்த டெஸ்டிங் என்ற நடுக்கிளை, ஆட்களின் ஒழுங்கையும் சார்புகளின் கணக்கையும் ஒன்றாகக் கோத்தது. பராமரிப்பாளர் ஏற்றும் பொதி முதலில் அன்ஸ்டேபிள் கிளையில் விழும். அங்கே அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாட்கள் கிடக்கும். அதற்குள் கடும் வழு எதுவும் பதிவாகாமல் இருந்து, அதன் சார்புகள் அனைத்தும் நடுக்கிளையில் நிறைவேறி, அது நுழைவதால் வேறெதுவும் உடையாது என்று கணக்கு காட்டினால்தான் உள்ளே போகும். ஆந்தனி டவுன்ஸ் எழுதிய நிரல் இதைப் பெரும்பாலும் மனிதத் தலையீடின்றிச் செய்தது. யார் முகத்துக்காகவும் விதி வளையவில்லை. அதன் மறுபக்கம், ஒரு பெரிய நிரலகம் மாறும்போது நூறு பொதிகள் ஒன்றுக்காக ஒன்று வாசலில் காத்துக் கிடப்பதும் நடந்தது. 2002 ஜூலையில் 3.0 வந்தபின் 3.1-க்காகப் பயனர்கள் 2005 ஜூன் வரை காத்திருந்தனர்.

தாமதத்தைப் பணத்தால் சரிசெய்யும் முயற்சி 2006-ல் நடந்தது. அப்போது தலைவராக இருந்த டவுன்ஸும் வேறு சிலரும் டங்க்-டேங்க் என்ற பெயரில் நிதி திரட்டி, வெளியீட்டு மேலாளர்கள் இருவர் ஒரு மாதம் முழுநேரம் உழைக்க ஊதியம் தர முன்வந்தனர். டிசம்பரில் 4.0 வெளிவரவேண்டும் என்பது இலக்கு. ஊதியம் பெறுபவரும் பெறாதவரும் அருகருகே ஒரே வேலையைச் செய்வதா என்ற கேள்வி திட்டத்தைப் பிளந்தது. தலைவரை நீக்கக் கோரிய தீர்மானம் வாக்கெடுப்புவரை வந்து தோற்றது. சிலர் தம் பங்கு வேலையைக் குறைத்துக்கொண்டனர். 4.0 வெளியானது 2007 ஏப்ரல் 8 அன்று. தன்னார்வலர்களின் கூட்டத்தில் பணம் நுழையும்போது எதை வாங்குகிறது, எதை இழக்கச் செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று டெபியன் வரலாற்றில் இல்லை.

அடுத்த அதிர்ச்சி ஒரு நல்லெண்ணத் திருத்தத்திலிருந்து வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது மறைக்குறியீட்டு வேலைகளுக்குரிய நிரலகம். எண்ணற்ற பொதிகள் அதைச் சார்ந்திருக்கின்றன. துவக்கப்படாத நினைவகத்தை அது படிப்பதாக ஒரு சோதனைக் கருவி எச்சரித்தது. 2006-ல் டெபியனின் பராமரிப்பாளர், நிரலகத்தை எழுதியவர்களின் மடலாடற்குழுவில் விசாரித்துவிட்டு, அந்த வரிகளை நீக்கினார். நீக்கியவற்றில் ஒன்று, சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களைத் திரட்டும் வரி. அதன் பிறகு சாவிகளை வேறுபடுத்தியது, நிரல் ஓடும்போது இயங்குதளம் தரும் செயல் எண் மட்டுமே. அந்த எண்ணின் உச்சம் 32,768. அதாவது உலகம் முழுவதும் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும், அந்தச் சிறு எண்ணிக்கைக்குள் அடங்கின. 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியானது. நிர்வாகிகள் சாவிகளை எல்லாம் தூக்கி எறிந்து புதிதாக உருவாக்கினர். ஏறத்தாழ இருபது மாதங்கள் யார் கண்ணிலும் படாத தவறு அது. எழுதியவருக்கும் பொதி கட்டுபவருக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் எவ்வளவு பெரிய ஆபத்து நுழையமுடியும் என்று காட்டியது.

ஒரு நிரலகம் களஞ்சியத்தில் ஒரே ஒரு பிரதியாக இருக்கவேண்டும் என்பதில் டெபியன் பிடிவாதம் காட்டியதற்கும் பாதுகாப்பே காரணம். 2002-ல் சுருக்க நிரலகமான இசட்லிப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, அதைத் தனிப் பொதியாகச் சார்ந்திருந்த நிரல்கள் ஒரே திருத்தத்தில் காப்பாற்றப்பட்டன. அதன் நகலைத் தம் வயிற்றுக்குள் வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடவேண்டியதாயிற்று. 2010-களில் ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் போன்ற மொழிகளின் உலகம் எதிர்த்திசையில் போனது. ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான குட்டி நிரலகங்களைத் தானே இழுத்துக்கொண்டது. 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி நிரலை அதன் ஆசிரியர் நீக்கியதும் ஆயிரக்கணக்கான திட்டங்களின் கட்டுமானம் முறிந்தது. அந்த மொழிகளின் நிரல்களை டெபியனின் விதிக்குள் கொண்டுவர, குட்டி நிரலகங்கள் ஒவ்வொன்றையும் தனிப் பொதியாக்கும் களைப்பூட்டும் வேலையில் தன்னார்வலர் குழுக்கள் இறங்கின. அந்த வேலை இன்னும் தொடர்கிறது.

டெபியனின் களஞ்சியத்தை அடித்தளமாகக் கொண்டு பிற வழங்கல்கள் எழுந்தன. முன்பு டெபியன் உருவாக்குநராக இருந்த மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு, 2004 அக்டோபரில் வந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் நிறுவப்பட்டிருந்தது. அந்த மடிக்கணினியின் பாஸ் லினக்ஸில் ஒரு மாணவர் திறந்த ஒவ்வொரு நிரலுக்குப் பின்னாலும், எங்கோ ஒரு நாட்டில் மாலை வேளையில் பொதி கட்டிய ஒருவர் இருந்தார். 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு முதன்முறையாக இந்தியாவில், கொச்சியில் நடந்தது.

அடுத்த ஆண்டு வந்த நெருக்கடி, சார்பின் சிக்கலையும் தன்னார்வலரின் தனிமையையும் ஒரே முடிச்சில் காட்டியது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. டெபியனின் பொதிகளே அதன் முறையில் சுருக்கப்படுகின்றன. அதைப் பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒருவரே ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். 2022-ல் முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவருக்குக் கொடுங்கள் என்ற நெருக்குதல் வந்தது. தமக்கு மனநலச் சிக்கல்கள் இருப்பதையும் இது ஊதியமில்லாத வேலை என்பதையும் அவர் பொதுவில் எழுதவேண்டியதாயிற்று. 2021 முதல் திருத்தங்கள் அனுப்பி உதவிவந்த ஜியா டான் என்ற பெயருக்கு வெளியீட்டு உரிமை கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்தப் பெயரின் வழியாக ஒரு பின்கதவு நுழைந்தது. தீய நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை வெளியே எடுக்கும் கட்டளை பொதுவில் தெரியும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லாமல் வெளியீட்டுக் கட்டில் மட்டும் இருந்தது. டெப் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டப்படும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். குறி வைக்கப்பட்டது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை. எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் டெபியனும் ரெட் ஹேட் குடும்பத்தின் ஃபெடோராவும், சேவை தொடங்கிவிட்டது என்று, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி நிரலுக்குத் தெரிவிக்க எஸ்எஸ்எச்சில் ஒரு சிறு ஒட்டு போட்டிருந்தன. அந்த ஒட்டு சிஸ்டம்டியின் நிரலகத்தைச் சார்ந்தது. அந்த நிரலகம் எக்ஸ்இசட்டின் நிரலகத்தைச் சார்ந்தது. மூன்று கண்ணிகள், மூன்றும் விதிப்படி எழுதப்பட்டவை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட், டெபியன் அன்ஸ்டேபிள் ஓடிய தம் கணினியில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். காரணத்தைத் துருவிக்கொண்டே போய் மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். டெபியனின் ஸ்டேபிள் பதிப்பை அது எட்டவில்லை. டெஸ்டிங்கிலும் அன்ஸ்டேபிளிலும்தான் இருந்தது. பராமரிப்பாளர்கள் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பினர். பதிப்பெண் ஒருபோதும் பின்னோக்கிப் போகக்கூடாது என்பது டெபியன் களஞ்சியத்தின் விதி. ஆகவே அந்தப் பொதியின் எண் 5.6.1+ரியலி5.4.5 என்று எழுதப்பட்டது. பின்னர் எஸ்எஸ்எச் சிஸ்டம்டிக்கான அந்தச் செய்தியை எந்த நிரலகமும் இல்லாமல் தானே அனுப்பும்படி மாற்றப்பட, அந்தச் சார்பு அறுந்தது.

இதே மாதங்களில் டெபியன் இன்னொரு பெரும் மாற்றத்தின் நடுவில் இருந்தது. 32 பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும். அதை 64 பிட்டாக விரிக்க, நூற்றுக்கணக்கான நிரலகங்களின் பொதிகள் பெயர் மாற்றி மறுபடி கட்டப்பட்டன. அவற்றைச் சார்ந்த பொதிகள் அனைத்தும் பின்தொடர்ந்தன. 1998-ல் சி நிரலகத்துக்குச் செய்த அதே முறைதான், பல மடங்கு பெரிய அளவில். அந்த மாற்றத்தோடு 2025 ஆகஸ்ட் 9 அன்று டிரிக்ஸி என்ற 13-ஆம் பதிப்பு வெளியானது. அதில் 69,830-க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. 14,100-க்கும் மேற்பட்டவை புதியவை. 8,840-க்கும் மேற்பட்ட பழைய பொதிகள் காலாவதியானவை என்று களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டன. நீக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் வேறெதுவும் சார்ந்திருக்கவில்லை என்பதைச் சரிபார்ப்பதும் தன்னார்வலர்களின் வேலையாகவே இருக்கிறது.